குருதி மாதிரி எடுத்தல்: பயிலும் மாணவருக்கு ஓர் அடிப்படைப் பாடம்

நோயற்ற வாழ்வே குறைவற்ற செல்வம் என்பது முதுமொழி. அச்செல்வம் குறையும்போது கிராமத்து மக்கள் நாடிச் செல்வது அயலிலுள்ள வைத்தியசாலையையாகும். அங்கு வைத்தியர் நோயாளியைச் சோதித்துப் பார்த்த பின்னர் பெரும்பாலும் சொல்லும் வார்த்தை, "இரத்தம் சோதித்துக்கொண்டு வாருங்கள்" என்பதே. சீனி, கொலஸ்ரோல், சிறுநீரகம், ஈரல், காய்ச்சல், இரத்தச்சோகை என எதை அறிய வேண்டுமாயினும் முதற்படி கையிலிருந்து சில மில்லிலீற்றர் குருதி எடுப்பதேயாகும்.

உயர்தரப் பரீட்சைக்குப் பின்னர் தாதியர் பயிற்சிக்கும் மருத்துவ ஆய்வுகூடப் பயிற்சிக்கும் செல்லும் இளைஞர், யுவதிகள் முதலிற் பழகும் கைவேலைகளுள் இதுவும் ஒன்று. ஊசியைச் சரியாகக் குத்தப் பழகிவிட்டாற் போதும் என்று மாணவர் எண்ணுவது வழமை. உண்மையில் ஊசி குத்துவது இவ்வேலையின் ஒரு பகுதி மாத்திரமே. யாருடைய குருதி, எந்நேரத்தில், எவ்வாறு எடுக்கப்பட்டு, எந்தக் குப்பியில், எந்தப் பெயருடன் ஆய்வுகூடம் சென்றது என்பதே பெறுபேற்றைத் தீர்மானிக்கின்றது. ஆய்வுகூட இயந்திரம் எவ்வளவு விலையுயர்ந்ததாயினும் தன்னிடம் தரப்பட்ட குருதியை மாத்திரமே அளக்கும். அது யாருடையது என்பதை அது அறியாது.

1. நாடி, நாளம், நரம்பு

வளர்ந்த ஒருவரின் உடலில் ஏறத்தாழ 5 லீற்றர் குருதி உண்டு. இதில் பாதிக்குச் சற்று அதிகமானது திரவவிழையம் எனப்படும் இளமஞ்சள் நிறத் திரவம். எஞ்சியவை செங்குருதிக் கலங்கள், வெண்குருதிக் கலங்கள், சிறுதட்டுக்கள் என்பனவாகும். ஒரு சோதனைக் குப்பிக்குத் தேவைப்படுவது பொதுவாக 2 முதல் 5 மி.லீ. வரையிலான குருதியே. இரத்த தானத்தின்போது எடுக்கப்படும் 450 மி.லீ. அளவோடு ஒப்பிட்டால் இது மிகச் சொற்பம். "இருந்த இரத்தமெல்லாம் எடுத்துப் போட்டாங்கள்" என்று கவலைப்படும் முதியோருக்கு இக்கணக்கை அன்பாக எடுத்துச் சொல்லலாம்.

இதயத்திலிருந்து குருதியைக் கொண்டு செல்பவை நாடிகள். இவை தடித்த சுவருடையன, துடிப்பன. குருதியை மீண்டும் இதயத்துக்குக் கொண்டு வருபவை நாளங்கள். இவை மெல்லிய சுவருடையன, துடிப்பதில்லை, தோலுக்கு அண்மையிலும் உள்ளன. ஆகவேதான் சோதனைக்குரிய குருதி நாளத்திலிருந்து எடுக்கப்படுகின்றது. பேச்சு வழக்கில் "நரம்பு கிடைக்கவில்லை" என்று சொன்னாலும் நரம்பு என்பது உணர்ச்சியைக் கடத்தும் வேறோர் உறுப்பு. ஊசி தவறி நரம்பிற் பட்டால் மின்சாரம் தாக்கியது போன்ற வலி விரல் வரை ஓடும். நோயாளி அப்படிச் சொன்னால் உடனே கட்டைத் தளர்த்தி ஊசியை வெளியே எடுத்துவிட வேண்டும்.

நாளங்களில் குருதி ஒரு திசையில் மாத்திரமே செல்ல விடும் வால்வுகள் உண்டு. ஆங்கிலேய வைத்தியரான வில்லியம் ஹார்வி 1628 ஆம் ஆண்டு வெளியிட்ட நூலில் குருதி உடலைச் சுற்றி ஓடுகின்றது என்பதை நிறுவினார். அதற்கு அவர் காட்டிய சான்றுகளுள் ஒன்று மிக எளியது. மேற்கையில் ஒரு பட்டியைக் கட்டினார். கீழே நாளங்கள் புடைத்தன. அவற்றை விரலால் அழுத்தி, குருதி இதயத்தை நோக்கியே செல்கின்றது என்று காட்டினார். இன்று மாணவர் கையிற் கட்டும் றப்பர் பட்டியும் அதே வேலையைத்தான் செய்கின்றது. நாடியினூடாகக் குருதி வந்துகொண்டிருக்க, நாளத்தினூடாகத் திரும்பும் வழி தடைப்படுவதால் நாளம் புடைக்கின்றது.

2. முதலில் பெயர்

குருதி எடுத்தலில் முதல் வேலை ஊசியைத் தேடுவதன்று, ஆளை அறிவதாகும். கிராமங்களில் ஒரே பெயருடையோர் பலர். பாட்டனின் பெயரைப் பேரனுக்கு இடுவதும், ஊர்த் தெய்வத்தின் பெயரைப் பிள்ளைகளுக்கு இடுவதும் தொன்றுதொட்ட வழக்கம். ஒரே விடுதியில் இரண்டு கந்தசாமிகள் இருப்பதும், இருவருக்கும் முதலெழுத்து ஒன்றாக அமைவதும் அபூர்வமன்று.

ஓர் உதாரணத்தை எடுத்துக்கொள்ளலாம். ஆறாம் கட்டிலில் 71 வயதுக் கந்தசாமி ஒருவர். ஒன்பதாம் கட்டிலில் 48 வயதுக் கந்தசாமி இன்னொருவர். இரண்டாமவருக்கு மறுநாள் சத்திரசிகிச்சை. அதற்கு இரத்தம் ஆயத்தம் செய்ய வேண்டும். மாணவர் தவறுதலாக ஆறாம் கட்டிலருகே சென்று, "நீங்கள்தானே கந்தசாமி ஐயா?" என்று கேட்கின்றார். காது மந்தமான முதியவர் தலையை அசைக்கின்றார். மாணவர் வெகு நேர்த்தியாக, வலி தெரியாமற் குருதி எடுக்கின்றார். குப்பியில் ஒன்பதாம் கட்டிலுக்குரிய விபரம் எழுதப்படுகின்றது.

முதியவர் "பி" வகுப்பு. மற்றவர் "ஓ" வகுப்பு என்று கொண்டால் என்ன நிகழும்? இரத்த வங்கி தனக்கு வந்த குருதியைச் சரியாகவே சோதித்து, சரியாகவே "பி" வகுப்பு இரத்தத்தை ஆயத்தம் செய்யும். ஆனால் "ஓ" வகுப்பினரின் திரவவிழையத்தில் "ஏ", "பி" ஆகிய இரண்டையும் எதிர்க்கும் பொருள்கள் இயற்கையாகவே உள்ளன. ஏற்றப்படும் செங்குருதிக் கலங்கள் உடைந்து, நோயாளிக்கு நடுக்கம், முதுகுவலி, அதிர்ச்சி, சிறுநீரகச் செயலிழப்பு என்பன ஏற்பட்டு உயிரே பிரியலாம். குருதி வகுப்புக்களைக் காள் லாண்ட்ஸ்டைனர் 1901 ஆம் ஆண்டு வியன்னாவிலிருந்து உலகுக்கு அறிவித்தார். அதற்காக 1930 இல் நோபல் பரிசும் பெற்றார். அந்த அறிவால் இன்று இரத்தம் ஏற்றுதல் பாதுகாப்பான சிகிச்சையாயிற்று. எனினும் அந்த அறிவு முழுவதையும் குப்பியில் எழுதப்பட்ட ஒரு தவறான பெயர் பயனற்றதாக்கிவிடும்.

இதனைத் தவிர்க்கும் வழி எளிது. "நீங்கள்தானே?" என்று கேளாமல், நோயாளியையே சொல்லவைக்க வேண்டும்.

"ஐயா, உங்கட முழுப்பெயரையும் வயதையும் ஒருக்காச் சொல்லுங்கோ."

"இ. கந்தசாமி, பிள்ளை. எழுபத்தொரு வயது."

சொன்ன பெயரை மாத்திரமன்றி வயது, பதிவிலக்கம், முகவரி என்பவற்றுள் இன்னொன்றையேனும் சோதனைக் கோரிக்கைப் படிவத்துடனும் நோயாளர் சீட்டுடனும் ஒப்பிட வேண்டும். கட்டில் இலக்கத்தை மாத்திரம் நம்புதல் ஆகாது, கட்டில்கள் மாறும். குழந்தைகள், மயக்கமுற்றோர், பேச இயலாதோர் ஆகியோராயின் கைப்பட்டியைப் பார்த்தும், பொறுப்பான தாதியிடமோ உறவினரிடமோ கேட்டும் உறுதிப்படுத்துதல் வேண்டும்.

3. நோயாளியை ஆயத்தம் செய்தல்

வெறுவயிற்றுச் சீனிச் சோதனைக்கு ஆகக் குறைந்தது 8 மணித்தியாலம் தண்ணீர் தவிர வேறெதுவும் உட்கொண்டிருத்தல் ஆகாது. இங்கு ஒரு குழப்பம் அடிக்கடி நேர்வதுண்டு. "விரதம், ஒன்றும் சாப்பிடவில்லை" என்று சொல்பவர் காலையிற் பாலும் வாழைப்பழமும் எடுத்திருப்பார். விரத முறைக்கு அது பொருந்தலாம். ஆய்வுகூடக் கணக்கில் அது வெறுவயிறாகாது. எனவே "சாப்பிட்டீர்களா?" என்று கேட்பதிலும் "கடைசியாக என்ன குடித்தீர்கள், எத்தனை மணிக்கு?" என்று கேட்பதே நன்று. மறுபுறம், தண்ணீரையும் விலக்கியிருப்பவரின் நாளங்கள் சுருங்கி எளிதில் அகப்படா. இச்சோதனைக்குத் தண்ணீர் குடிக்கத் தடையில்லை என்பதை முன்கூட்டியே தெரிவித்தல் வேண்டும். காலை மாத்திரைகளை எப்போது எடுப்பது என்பதை வைத்தியரிடம் கேட்டறிய வேண்டும்.

நோயாளியிடம் கேட்க வேண்டியவை மேலும் சில: முன்னர் குருதி எடுக்கும்போது மயங்கியதுண்டா? குருதி உறையாதிருக்க வோபரின் போன்ற மருந்து எடுக்கின்றாரா? மார்பகச் சத்திரசிகிச்சை நடந்துள்ளதா? ஆமெனில் அப்பக்கக் கையைத் தவிர்க்க வேண்டும். சிறுநீரக நோயாளருக்கு இரத்தச் சுத்திகரிப்புக்காக இணைப்புச் செய்யப்பட்ட கையில் ஒருபோதும் குத்தக்கூடாது. சேலைன் ஏறிக்கொண்டிருக்கும் கையில் எடுத்தால் சேலைனும் கலந்து வரும். மறு கையையே பயன்படுத்த வேண்டும்.

நோயாளி கைதாங்கியுள்ள கதிரையில் அமர்ந்திருக்க வேண்டும். அல்லது படுத்திருக்க வேண்டும். நிற்க வைத்து எடுத்தல் ஆகாது. சிறுபிள்ளைகளிடம் "வலிக்காது" என்று பொய் சொல்வதைத் தவிர்த்து, "சின்னதாக ஒரு குத்து, உடனே முடிந்துவிடும்" என்றால் மறுமுறையும் அப்பிள்ளை நம்பிக் கையை நீட்டும்.

4. எடுக்கும் முறை

உலக சுகாதார நிறுவனம் குருதி எடுத்தல் பற்றி 2010 ஆம் ஆண்டு ஒரு வழிகாட்டியை வெளியிட்டுள்ளது. மாணவர் மனத்திற் பதிக்க வேண்டிய ஒழுங்கு வருமாறு:

(அ) தேவையான பொருட்கள் யாவற்றையும் கைக்கெட்டும் தூரத்தில் வைத்தல். வளர்ந்தோருக்குப் பெரும்பாலும் 21 அல்லது 22 இலக்க ஊசி பொருந்தும். இலக்கம் கூடக்கூட ஊசி மெல்லியதாகும்.

(ஆ) கைகளைக் கழுவிக் கையுறை அணிதல். ஒவ்வொரு நோயாளிக்கும் புதிய கையுறை, புதிய ஊசி.

(இ) முழங்கை மடிப்பின் முன்புறத்தில் நாளத்தைத் தேடுதல். நடுவிலுள்ள நாளமே முதற் தெரிவு. அது பருமனானது, எளிதில் நழுவாது. உட்புற நாளத்துக்கு அருகில் நாடியும் நரம்பும் இருப்பதால் அதனைக் கடைசித் தெரிவாகவே கொள்ள வேண்டும். கண்ணைவிட விரலை நம்புதல் நன்று. நல்ல நாளம் அழுத்தினால் தாழ்ந்து மீளும். துடிப்புத் தெரிந்தால் அது நாடி.

(ஈ) குத்துமிடத்துக்கு நான்கு, ஐந்து விரற்கடை மேலே பட்டியைக் கட்டுதல். அதனை ஒரு நிமிடத்தினுள் தளர்த்துவது நன்று. இரண்டு நிமிடத்தைத் தாண்டவே கூடாது.

(உ) 70 வீத அற்ககோல் தோய்ந்த பஞ்சினால் 30 செக்கன் துடைத்து, 30 செக்கன் தானாகவே உலர விடுதல். ஊதக்கூடாது. துடைத்த இடத்தை மீண்டும் விரலால் தொடவும் கூடாது. ஈரத்தோடு குத்தினால் எரிவதுடன் செங்குருதிக் கலங்களும் உடையக்கூடும்.

(ஊ) பெருவிரலால் தோலைக் கீழ்நோக்கி இழுத்துப் பிடித்து, ஊசியின் சாய்ந்த வாய் மேல்நோக்கியிருக்க, 30 பாகைக்கு மேற்படாத சாய்வில் நுழைத்தல்.

(எ) குருதி போதிய அளவு வந்ததும் முதலில் பட்டியைத் தளர்த்தி, அதன் பின்னரே ஊசியை எடுத்தல். இவ்வொழுங்கு மாறினால் குருதி தோலின் கீழ்க் கசிந்து கண்டிப்போகும்.

(ஏ) பஞ்சை வைத்து, கையை நீட்டியபடியே அழுத்திப் பிடிக்கச் சொல்லுதல். கையை மடித்து வைப்பது பலரின் பழக்கம். அதுவும் கண்டிப்போகக் காரணமாகும்.

இரண்டு முறை முயன்றும் குருதி வராவிடின் அனுபவமுள்ள ஒருவரை அழைப்பதே முறை. மூன்றாம், நான்காம் முறை குத்திப் பழகுவதற்கு நோயாளியின் கை உரிய இடமன்று.

5. குப்பிகளும் ஒழுங்கும்

உள்ளே வெற்றிடம் கொண்டு, தானாகவே உரிய அளவு குருதியை இழுத்துக்கொள்ளும் குழாய் 1949 ஆம் ஆண்டு அமெரிக்காவில் யோசப் கிளைனர் என்பவரால் உரிமம் பெறப்பட்டது. இன்றும் சில இடங்களில் ஊசிக்குழலால் எடுத்துக் குப்பிகளில் விடும் வழக்கம் உண்டு. எவ்வாறாயினும் குப்பிகளை நிரப்ப ஓர் ஒழுங்கு உண்டு. முதலில் கிருமி வளர்ப்புச் சோதனைக் குப்பி. அடுத்து உறைதலைச் சோதிக்கும் சிற்றேற்றுக் குப்பி (இளநீல மூடி). பின்னர் நீர்ப்பாயத்துக்குரியது (சிவப்பு அல்லது மஞ்சள்). அதன் பின் ஹெப்பரின் (பச்சை), ஈ.டி.ரி.ஏ. (ஊதா), இறுதியாக புளோரைட்டு (சாம்பல்). மூடியின் நிறம் இடத்துக்கிடம் வேறுபடக்கூடும். எனவே நிறத்தை மாத்திரம் நம்பாது, குப்பியில் அச்சிடப்பட்டுள்ளதை வாசித்தல் வேண்டும்.

இவ்வொழுங்குக்குக் காரணம் உண்டு. ஈ.டி.ரி.ஏ. பெரும்பாலும் பொற்றாசிய உப்பாகவே குப்பியில் இடப்படுகின்றது. அது கல்சியத்தையும் பற்றிக்கொள்ளும். அதில் ஒரு துளி அடுத்த குப்பிக்குச் சென்றாலும் பொற்றாசியம் உயர்ந்தும் கல்சியம் தாழ்ந்தும் காட்டும். வைத்தியர் அதனைப் பார்த்து இதயம் நின்றுவிடுமோ என அஞ்சி, தேவையற்ற சிகிச்சையைத் தொடங்க நேரிடும். அவ்வாறே சிற்றேற்றுக் குப்பியில் ஒன்பது பங்கு குருதிக்கு ஒரு பங்கு மருந்து என்பது கணக்கு. குறைவாக நிரப்பினால் பெறுபேறு பிழைக்கும். புளோரைட்டு இல்லாத குப்பியில் குருதிக் கலங்கள் சீனியைத் தொடர்ந்து உட்கொள்வதால், அறை வெப்பநிலையில் மணிக்கு 5 முதல் 7 வீதம் வரை சீனி குறைந்துகொண்டே போகும். தூரத்துக் கிராமத்திலிருந்து ஆய்வுகூடத்துக்கு அனுப்பும்போது இது முக்கியம்.

மருந்திட்ட குப்பிகளை நிரப்பியதும் மெதுவாகக் கவிழ்த்து நிமிர்த்த வேண்டும். சிற்றேற்றுக் குப்பியை 3 அல்லது 4 முறை, ஏனையவற்றை 8 முதல் 10 முறை. குலுக்குதல் ஆகாது. குலுக்கினால் செங்குருதிக் கலங்கள் உடைந்து மீண்டும் பொற்றாசியம் உயர்ந்து காட்டும்.

இது எவ்வளவு முக்கியம் என்பதை டெங்குக் காய்ச்சல் உணர்த்தும். 2017 ஆம் ஆண்டு இலங்கையில் ஒரு இலட்சத்து எண்பத்தாறாயிரத்துக்கும் மேற்பட்டோர் டெங்கு நோயாளர் எனப் பதிவாயினர். டெங்கு நோயாளியின் குருதி நாள்தோறும், சில வேளைகளில் ஒரே நாளிற் பல தடவை எடுக்கப்படும். சாதாரணமாக மைக்ரோலீற்றருக்கு 150,000 முதல் 450,000 வரை இருக்கும் சிறுதட்டுக்கள் எவ்வளவு குறைந்துள்ளன, குருதி எவ்வளவு தடித்துள்ளது என்பவற்றைக் கொண்டே வைத்தியர் சேலைன் அளவை முடிவு செய்வார். ஊதா மூடிக் குப்பியைக் கவிழ்த்துக் கலக்காவிடின் உள்ளே சிறு கட்டி உறைந்து, சிறுதட்டுக்கள் அதனுள் அகப்பட்டுவிடும். எண்ணிக்கை பொய்யாகத் தாழ்ந்து காட்ட, வீட்டார் கலங்கிப் போவார்கள். பட்டியை நெடுநேரம் கட்டி வைத்தால் குருதி தடித்திருப்பதாகக் காட்டலாம்.

6. எடுப்பவரின் பாதுகாப்பு

பயன்படுத்திய ஊசிக்கு மூடியை மீண்டும் போடுதல் கூடாது. ஊசி குத்தும் விபத்துக்கள் பல அவ்வாறே நிகழ்கின்றன. ஊசியை உடனே துளைக்க முடியாத பெட்டியிலிட வேண்டும். முக்காற்பங்கு நிரம்பியதும் அப்பெட்டியை மாற்ற வேண்டும். தடுப்பூசி போடாத ஒருவருக்கு ஹெப்பற்றைற்றிஸ் பி நோயாளியின் ஊசி குத்தினால் நூற்றுக்கு முப்பது வரை தொற்றும் வாய்ப்புண்டு. எச்.ஐ.வி. ஆயின் ஆயிரத்துக்கு ஏறத்தாழ மூன்று. எனவே பயிற்சி தொடங்கு முன்னரே ஹெப்பற்றைற்றிஸ் பி தடுப்பூசியை முழுமையாகப் போட்டுக்கொள்வது அவசியம்.

ஊசி குத்திவிட்டால் பிதுக்காமல் சவர்க்காரமும் ஓடும் நீரும் கொண்டு கழுவி, உடனே மேலதிகாரிக்கு அறிவிக்க வேண்டும். எச்.ஐ.வி. தடுப்பு மருந்தை இயன்றளவு விரைவாக, 72 மணித்தியாலத்தினுள் தொடங்குதல் வேண்டும். ஏச்சு விழும் என்று மறைப்பது தனக்குத் தானே செய்யும் தீங்காகும்.

7. மீண்டும் பெயர்

பெயரில் தொடங்கிய வேலை பெயரிலேயே நிறைவு பெறுகின்றது. குப்பியில் விபரம் எழுத வேண்டிய இடம் நோயாளியின் கட்டிலருகே. எழுத வேண்டிய நேரம் குருதி எடுத்த உடனே. வேலை சுலபமாகட்டும் என்று முன்கூட்டியே பத்துக் குப்பிகளில் எழுதி வைப்பதும், எடுத்த குப்பிகளைச் சட்டைப் பையிலிட்டு மேசைக்குக் கொண்டு சென்று எழுதுவதும் ஆபத்தானவை. முழுப்பெயர், பதிவிலக்கம், திகதி, நேரம், எடுத்தவரின் கையொப்பம் என்பன தெளிவான எழுத்தில் அமைதல் வேண்டும். எழுதியதை நோயாளியின் சீட்டுடன் இன்னொரு முறை ஒப்பிட்ட பின்னரே அடுத்த கட்டிலுக்குச் செல்ல வேண்டும்.

இத்தனைக்குப் பின்னரும், "இக்குப்பி யாருடையது?" என்ற ஐயம் தோன்றக்கூடும். அப்போது யோசித்துப் பெயரைத் திருத்தி எழுதுதல் ஆகாது. அக்குப்பியைக் கழித்துவிட்டு, நோயாளியிடம் சென்று, "மன்னிக்க வேண்டும் ஐயா, இன்னொரு முறை எடுக்க வேண்டியுள்ளது" என்று சொல்லி மீண்டும் எடுப்பதே ஒரே வழி. நோயாளி சலித்துக்கொள்ளலாம்; மேலதிகாரி கடிந்துகொள்ளலாம். அந்த ஐந்து நிமிட வெட்கத்தைத் தாங்கிக்கொள்ளும் மாணவரிடம் எவரும் நம்பிக் கையை நீட்டலாம்.

பொதுமக்களுக்கும் இதில் ஒரு பங்குண்டு. வைத்தியசாலையில் ஒரே பெயரை மூன்று பேர் மூன்று முறை கேட்டால், "எத்தனை தரம் சொல்லுறது?" என்று கோபித்தல் வேண்டாம். வயோதிபரை அழைத்துச் செல்லும் பிள்ளைகள், காது கேளாத தாய் தந்தையர் சும்மா தலையாட்டாதபடி அருகிலிருந்து முழுப்பெயரையும் வயதையும் சொல்லிக் கொடுக்கலாம். குப்பியில் எழுதியிருப்பது தமது பெயர்தானா என்று கேட்டுப் பார்க்கவும் நோயாளிக்கு உரிமையுண்டு. நன்கு பயின்ற மாணவர் அக்கேள்விக்கு முகம் சுளிக்க மாட்டார். குப்பியைத் திருப்பிக் காட்டுவார்.